நாவல்மேட்டில் அயோடின் பார்த்த கதை

நாவல்மேட்டுக்காரர்கள் யார் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்பவர்கள். கேட்டதை அப்படியே செய்பவர்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே சிக்கலும் அதுதான்.

மலைமேல் நாற்பது வீடு. கொஞ்சம் சாமை, கொஞ்சம் கேழ்வரகு, நிறைய ஆடு. ஊருக்குத் தலைவர் வேடியப்பன். ஊரில் படித்தவர் ஒருவர் உண்டு, தீர்த்தகிரி. ஆறாவது வரை போனவர். ஏழாவதுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், "ஆறாவது முடிஞ்சுதுன்னு வாத்தியார் சொன்னாரே" என்பார். யோசிப்பதற்கென்றே ஒருவர் உண்டு, சடையன். ஒரு விஷயத்தைச் சடையன் யோசிக்க ஆரம்பித்துவிட்டால், முடிகிறவரை ஊரே வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்.

வேடியப்பனின் மனைவி பூங்காவனம். அந்த வருஷம் அவள் கழுத்தில் கிடந்த பாசிமணி இறுக்க ஆரம்பித்தது. வேடியப்பன் நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டிவிட்டார். இரண்டு மாதத்தில் மறுபடியும் இறுக்கியது. நூல் சுருங்குகிறது என்று முடிவு கட்டி, சந்தைக்கு இறங்கிப்போய்ப் பாசி விற்றவனோடு சண்டை போட்டார். அவன் வேறு நூல் கொடுத்தான். அதுவும் சுருங்கியது.

நடுவில் அவளுக்குக் குரல் கம்மிப்போனது. கேழ்வரகு திரிக்கும்போதே தூங்கி விழுந்தாள். சித்திரை வெயிலில் குளிருது என்று கம்பளி போர்த்திக்கொண்டாள். ஊரிலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தான். அவள் பேச்சுக் குறைந்ததும் வேடியப்பனுக்கு முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரம் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸ் எஸ்தர் மலையேறி வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்தான். பூங்காவனத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"இந்த முன்கழுத்து வீக்கம் எத்தனை நாளா இருக்கு?"

"வீக்கமா?" என்றார் வேடியப்பன். "நூலு சுருங்குதுன்னில்ல இருந்தோம்."

நர்ஸ் எல்லாரையும் வேப்பமரத்தடியில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். உடம்புக்கு அயோடின் என்று ஒரு சத்து துளியூண்டு வேண்டும். அது குறைந்தால் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வீங்கும், உடம்பு சோர்ந்துபோகும். மலை மண்ணில் அந்தச் சத்து கம்மி. சந்தையில் வாங்கும் கல்லுப்பிலும் இல்லாமல் இருக்கலாம். அதனால் ஊரையே சோதித்துப் பார்க்க வேண்டும்.

"நாளைக்குப் பாட்டில் கொண்டு வர்றேன். அதுக்குள்ள நீங்களே ஒண்ணு செஞ்சு பாருங்க. கண்ணாடி முன்னாடி நின்னு, தலையை நிமிர்த்தி, ஒரு வாய் தண்ணியை விழுங்குங்க. விழுங்கும்போது கழுத்துல மேடு மாதிரி எதுவும் ஏறி இறங்குதான்னு கவனிங்க."

நர்ஸ் மலையிறங்கிப் போனார். ஊரில் இருந்த கண்ணாடி ஒன்று, தீர்த்தகிரி வீட்டில். அதன் முன்னால் ஊரே வரிசையில் நின்றது.

முதலில் தீர்த்தகிரி தண்ணீர் குடித்தார். கழுத்து நடுவில் ஒரு மேடு சடக்கென்று மேலே போய்க் கீழே வந்தது. டம்ளர் கையிலிருந்து நழுவியது. அடுத்து சடையன். அவருக்கும் ஏறி இறங்கியது. வேடியப்பனுக்கு ஏறி இறங்கியது. ஊரில் மீசை முளைத்த அத்தனை ஆம்பளைக்கும் ஏறி இறங்கியது.

"ஊரே போச்சு" என்றார் தீர்த்தகிரி.

சடையன் யோசித்தார். ஊர் காத்திருந்தது.

"விழுங்கும்போதுதானே ஏறுது?" என்றார் கடைசியில். "விழுங்காட்டி?"

விழுங்காமல் பார்த்தார்கள். ஏறவில்லை. வைத்தியம் கிடைத்துவிட்டது. இனி நாவல்மேட்டில் எந்த ஆம்பளையும் எதையும் விழுங்கக் கூடாது என்று வேடியப்பன் உத்தரவு போட்டார். அதைச் சொல்லி முடித்ததும் எச்சில் ஊறியது. வாயை மூடிக்கொண்டு தவித்தார்.

மத்தியானம் பூங்காவனம் களியும் கீரைக் குழம்பும் ஆக்கி வைத்தாள். வேடியப்பன் ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, கன்னம் உப்ப, விழுங்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமா, அதை இன்னா பண்ணப் போற?"

அவர் கையால் கழுத்தைக் காட்டினார்.

"பொழுது சாயறவரைக்கும் வாய்லயே வெச்சிருந்தா, ராத்திரிக்கு எங்க வெப்ப?"

இந்தக் கேள்வியை அவர் யோசித்திருக்கவில்லை. யோசிக்கிற வேகத்தில் விழுங்கிவிட்டார். அதோடு உத்தரவு உடைந்தது. ஆனாலும் மற்ற ஆம்பளைகள் மறுநாள் நர்ஸ் வரும்வரை பட்டினியாகத்தான் கிடந்தார்கள்.

"அது குரல்வளை மேடு" என்றார் நர்ஸ். "ஆம்பளைங்க எல்லாருக்கும் இருக்கும். நோய் இல்ல."

"எல்லாருக்குமா?" என்றார் தீர்த்தகிரி. "அடுத்த ஊர்க்காரனுக்கும்?"

"அடுத்த ஊர்க்காரனுக்கும்."

நமக்கு மட்டும் இல்லை என்பதில் எல்லாருக்கும் ஒரு ஆறுதல்.

நர்ஸ் பன்னிரண்டு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களை வரிசையாக வைத்தார். பன்னிரண்டு வீட்டைத் தேர்ந்தெடுத்தார். "காலைல எழுந்ததும் போற முதல் சிறுநீரை இந்தக் கோடு வரைக்கும் பிடிச்சு, மூடியை இறுக்கிடுங்க. ஒவ்வொரு பாட்டில்லயும் மறக்காம பேர் எழுதுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

அவர் போனதும் சடையன் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதல் சிறுநீர்னு சொன்னாங்க."

"ஆமா."

"முதல்னா ஒண்ணுதானே? ஓட்டப் பந்தயத்துல பன்னெண்டு பேரும் முதல்ல வர முடியுமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப பாட்டில் எதுக்குப் பன்னெண்டு?" என்றார் தீர்த்தகிரி.

"ஒருத்தர்துதான் பன்னெண்டுலயும்."

யார் அந்த ஒருத்தர் என்ற பேச்சே எழவில்லை. ஊருக்கு முதல் ஆள் தலைவர்தான். வேடியப்பனுக்குப் பெருமையாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. பன்னிரண்டு பாட்டில் என்பது கொஞ்சம் அதிகம். சாயங்காலமே ஒரு பானை தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தார்.

விடிந்ததும் தீர்த்தகிரி பாட்டில்களை ஒவ்வொன்றாக நீட்ட, சடையன் மூடி போட, வேலை ஒழுங்காக நடந்தது. எட்டாவது பாட்டிலில் நின்றுவிட்டது. மறுபடி தண்ணீர் கொடுத்தார்கள். ஊரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தைரியம் சொன்னது. பத்து மணிக்குப் பன்னிரண்டாவது பாட்டில் நிறைந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள்.

பேர் எழுதுகிற வேலை தீர்த்தகிரிக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு, கொம்பு கால் எல்லாம் பார்த்துப் பார்த்து, பன்னிரண்டு பாட்டிலிலும் அழகாக எழுதினார்.

நர்ஸ் வந்து ஒரு பாட்டிலை எடுத்தார். 'பேர்' என்று எழுதியிருந்தது. அடுத்ததை எடுத்தார். 'பேர்'. பன்னிரண்டிலும் 'பேர்'.

"இது இன்னா?"

"பேர் எழுதச் சொன்னீங்களே" என்றார் தீர்த்தகிரி. "எழுத்துத் தப்பா?"

"எழுத்து சரிதான்" என்றார் நர்ஸ். "எது யாரோடது?"

"எல்லாம் தலைவரோடது."

நர்ஸ் கொஞ்ச நேரம் தூரத்து மலையைப் பார்த்தார். பிறகு வேடியப்பனைப் பார்த்தார். அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு களைத்துப்போய் நின்றிருந்தார். நர்ஸுக்குத் திட்ட மனம் வரவில்லை. பையிலிருந்து வேறு பன்னிரண்டு பாட்டிலை எடுத்தார். இந்தத் தடவை அன்றிரவு ஊரிலேயே தங்கி, காலையில் வீடு வீடாகப் போய், ஆளைப் பக்கத்தில் நிற்கவைத்துத் தானே பெயர் எழுதினார்.

"அடுத்தது உப்பு" என்றார். "வீட்டுல சமையலுக்குப் போடுற உப்பு ஒரு ஸ்பூன் எடுத்துட்டு வாங்க. சொட்டு மருந்து விட்டுப் பாக்கணும்."

இது எளிய வேலைதான். ஆனால் அன்று காலைச் சமையல் எல்லார் வீட்டிலும் முடிந்திருந்தது.

"போடுற உப்பைக் கேக்கறாங்க" என்றார் சடையன். "அதைத்தான் குழம்புல போட்டாச்சே."

"பானையில இன்னும் இருக்கே" என்றாள் பூங்காவனம்.

"அது போடாத உப்பு. அவங்க கேக்கறது போட்ட உப்பு."

ஆகவே போட்ட உப்பைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வீடு குழம்பைத் திரும்ப அடுப்பேற்றிக் கொதிக்கவிட்டார்கள். தண்ணீர் வற்றி, கீரை கருகி, சட்டியடியில் கறுப்பாகப் பிடித்ததைச் சுரண்டி எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். நர்ஸ் இருமிக்கொண்டே புகைக்கு வெளியே வந்து, எதுவும் கேட்காமல் நேராகப் பூங்காவனத்தின் சமையலறைக்குப் போய், பானையில் கைவிட்டு ஒரு சிட்டிகை உப்பெடுத்து வந்தார். அதன்மேல் மருந்தைச் சொட்டினார்.

உப்பு வெள்ளையாகவே இருந்தது.

"பாத்தீங்களா? அயோடின் இருந்திருந்தா இது நீலமாகும். உங்க உப்பு நீலமாகலை. அதான் பிரச்சினை. பாட்டிலைப் பரிசோதனைக்கு அனுப்பிட்டு, ரெண்டு வாரத்துல வர்றேன். அதுக்குள்ள உப்பை மாத்துங்க."

நீலமாக இருந்தால் நல்ல உப்பு, வெள்ளையாக இருந்தால் கெட்ட உப்பு. நாவல்மேட்டுக்கு இது பளிச்சென்று புரிந்தது. இத்தனை நாளில் நர்ஸம்மா சொன்னதிலேயே இதுதான் தெளிவு என்று தீர்த்தகிரி பாராட்டினார்.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் மலையேறியபோது, வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எல்லார் பல்லும் நீலமாக இருந்தது. ஊரில் உப்புப் பானைகளைத் திறந்தால் வானத்தை நொறுக்கிப் போட்டதுபோல் இருந்தது. வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம் சந்தையில் ஒரு கடை பாக்கியில்லாமல் தீர்ந்துபோயிருந்தது.

"மாத்திட்டோம்" என்றார் வேடியப்பன், நீலப் பல் தெரிய.

நர்ஸ் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, நாற்பது வீட்டு உப்பையும் தன் கண்ணெதிரே குழி தோண்டிக் கொட்டவைத்தார். வயிற்றுவலி, வாந்தி யாருக்காவது உண்டா என்று வீடு வீடாக விசாரித்தார். பூங்காவனத்தின் பல் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"துணிக்குப் போடறதை நான் தின்னமாட்டேன்னுட்டேன்" என்றாள் கம்மிய குரலில். "பதினஞ்சு நாளா உப்பில்லாமத்தான் தின்னேன். அதுக்கே மாமா என்கூடப் பேசலை. சாகணும்னு பாக்கறியான்னு அழுவுது."

வேடியப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரிசோதனை முடிவு வந்திருந்தது. பன்னிரண்டு வீட்டிலும் அயோடின் குறைவு. பூங்காவனத்தை மட்டும் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் நர்ஸ். "வெறும் வயித்தோட காலைல சீக்கிரம் வந்துடுங்க."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் பூங்காவனத்தின் பக்கத்தில் வேடியப்பன் சட்டையில்லாமல் நின்றார். காலைக் குளிரில், மழையில் நனைந்த ஆடுபோல் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"சட்டை எங்க?" என்றார் நர்ஸ்.

"வெறும் வயித்தோட வரச் சொன்னீங்க. பொம்பளைய எப்படி அப்படிக் கூட்டியாறது? அவளுக்குப் பதிலா நான் வெறும் வயித்தோட வந்திருக்கறேன்."

"சாப்பிட்டாங்களா அவங்க?"

"சாப்பிடலை" என்றாள் பூங்காவனம். "எனக்குப் புரிஞ்சுது. மாமாகிட்ட சொன்னேன், கேக்கலை. நாலு உருண்டை களி தின்னுட்டுத்தான் சட்டையைக் கழட்டுச்சு."

அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசி ஏறும்போது வேடியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. அறிக்கை வரும்வரை, டாக்டர் அறை வாசலில், சட்டையில்லாத உடம்பில் அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஆனாலும் நூலை மட்டும் குறை சொன்னது தப்பு என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். இத்தனை நாள் உன் கழுத்தைப் பார்க்காமல் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். அவள் கம்பளியின் ஒரு நுனியை இழுத்துத் தன்மேலும் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். அயோடின் இல்லாமல் வந்த வீக்கம். மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும். அயோடின் கலந்த பாக்கெட் உப்புதான் இனி. அதை மூடிவைக்க வேண்டும். சமையல் முடிந்து இறக்கும்போது கடைசியாகப் போட்டால் சத்து வீணாகாது.

நாவல்மேடு பாக்கெட் உப்புக்கு மாறியது. இந்தத் தடவை நர்ஸ் தானே கூட வந்து, எந்தப் பாக்கெட் என்று காட்டி வாங்கிக்கொடுத்தார். மூடிவைக்கச் சொன்னதால் முதல் நான்கு நாள் யாரும் மூடியைத் திறக்கவில்லை. பூங்காவனம்தான் வீடு வீடாகப் போய்த் திறந்துவைத்துவிட்டு வந்தாள். கடைசியாகப் போட வேண்டும் என்றதை, சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போகும்போது நாக்கில் ஒரு சிட்டிகை என்று சடையன் விளக்கினார். அப்படியும் உப்பு வயிற்றுக்குத்தான் போனது. அதனால் நர்ஸ் அதை விட்டுவிட்டார்.

ஆறேழு மாதத்தில் பூங்காவனத்தின் வீக்கம் பாதிக்குமேல் வற்றியது. கம்பளி பரணுக்குப் போனது. குரல் திரும்பி வந்தது. முதல் நாளே, இத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து வேடியப்பனைத் திட்டினாள். அவர் வாசலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். நடுவில் சடையன் வந்து கூப்பிட்டபோதுகூட, "இரு, இன்னும் முடிக்கலை" என்றார்.

வருஷக் கடைசியில் மறுபடி பன்னிரண்டு வீட்டில் சோதனை எடுத்தார்கள். கொஞ்ச நாளில் நர்ஸ் ஒரு காகிதத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல சேதி. நீங்களே படிச்சுக்குங்க. பக்கத்து ஊர் கருங்காட்டுல இன்னும் இருக்கு, அங்க போகணும் நான்" என்று அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

ஊர் கூடியது. தீர்த்தகிரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"நாவல்மேடு கிராமத்தில் அயோடின் குறைபாடு இல்லை."

ஊர் தலைவரைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னொரு தடவை படி" என்றார் வேடியப்பன்.

"இல்லை. இல்லைன்னுதான் போட்டிருக்கு. முத்திரையெல்லாம் குத்தியிருக்கு."

"இத்தனை பாடுபட்டும் இல்லையா?" என்றார் வேடியப்பன். "கருங்காட்டுக்காரனுக்கு இருக்குதாமே?"

"நர்ஸம்மாவே சொன்னாங்க, அங்க இருக்குன்னு."

சடையன் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். நிழல் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது.

"நம்ம ஊருக்கு ரோடு இல்லை" என்றார். "பஸ் இல்லை. இப்ப இதுவும் இல்லை. கேக்காம இருந்தா எது கிடைக்கும்?"

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. திங்கட்கிழமை மலையடிவாரத்தில் ஒரு அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். தீர்த்தகிரி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதினார். 'ஐயா, எங்கள் ஊரில் ரோடு இல்லை, பஸ் இல்லை, அயோடின் குறைபாடு இல்லை. பக்கத்து ஊருக்கு மட்டும் வழங்கி எங்களை ஒதுக்குவது முறையல்ல. மூன்றையும் உடனே செய்துதர வேண்டுகிறோம்.'

படித்துக் காட்டியபோது பூங்காவனம் குறுக்கிட்டாள்.

"கேக்கறது கேக்கறீங்க, ஒவ்வொண்ணும் ரெண்டாக் கேளுங்க. பாதியை அவங்க வெச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தைக் குடுப்பாங்க."

அவளும் நாவல்மேட்டுக்காரிதான் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். திருத்தி எழுதினார்கள். நாற்பது வீட்டு ஆளும் கைநாட்டு வைத்தார்கள்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ரோட்டுக்கும் பஸ்ஸுக்கும் இப்போதைக்கு நிதி இல்லை என்றும், மூன்றாவது கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு விரைவில் நிறைவேற்றித் தரப்படும் என்றும் இருந்தது.

வேடியப்பன் அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குறைபாடு திடீரென்று வந்து இறங்கினால் எங்கே வைப்பது என்று சடையன் கேட்டார். மறுநாளே ஊருக்குக் கிழக்கே இடம் சுத்தம் பண்ணி, மூங்கில் வெட்டிவந்து, மழை ஒழுகாமல் ஒரு கொட்டகை போட்டார்கள். இரண்டு வருகிறது என்பதால் நடுவில் ஒரு தடுப்பும் வைத்தார்கள்.